முருகாயி கையை விடவில்லை

அந்தக் காலத்தில் கடலில் முருகைக்கல் என்று ஒன்று கிடையாது. தெற்கே தீவுகளைச் சுற்றி இன்றைக்குக் கல்லாகக் கிடக்கிற பவளப் பூச்சிகள், அன்றைக்கு மெத்தென்ற உடம்போடு நீந்தித் திரிந்தன. எலும்பு இல்லை, ஓடு இல்லை. வாயைச் சுற்றிப் பூவிதழ் மாதிரிக் கைகள் மட்டும்தான். ஆனால் குரல் இருந்தது. மேய்ச்சலுக்குப் பிரிந்து போகும்போது யாரும் வழி தவறிவிடக் கூடாதென்று ஒருவரையொருவர் பாடிக் கூப்பிட்டுக்கொள்வார்கள். காற்று அடங்கிய வேளையில் கரையில் நின்றால் அந்தப் பாட்டுக் கேட்கும். பறப்பன, நீந்துவன, ஊர்வன எல்லாம் ஒரே பேச்சைப் பேசிய காலம் அது. அதனால் கேட்டது புரியவும் செய்யும்.

வானம்பாடிக்கும் அன்று அந்தப் பெயர் இல்லை. தரைக்குருவி என்றுதான் சொல்வார்கள். மண்ணின் நிறம், மண்ணில் நடை, மண்ணில் கூடு. சிறகு இருந்தாலும் ஒரு புல் புதரிலிருந்து அடுத்த புதருக்குப் போகத்தான் அதை விரிக்கும். பாட்டுத் தெரியாது. தேவைக்கு நாலு வார்த்தை பேசிவிட்டு வாயை மூடிக்கொள்ளும்.

அப்படி ஒரு தரைக்குருவி கொண்டையன். தலையில் கொஞ்சம் தூக்கலாகக் கொண்டை இருந்ததால் அந்தப் பெயர். அவனும் அவன் மனைவி சாம்பியும் கரையிலிருந்து தள்ளி ஒரு மணல் தீவில் குடியிருந்தார்கள். ஒருவர் ஒரு வாய் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு நடந்தால் மென்று துப்புவதற்குள் சுற்றி வந்துவிடலாம், அவ்வளவுதான் தீவு. அடம்பங்கொடி, உமரி, ஒரு தாழம்புதர், மேட்டில் ராவணன்மீசைப் புல். பாம்பு இல்லை, கீரி இல்லை, பூனை இல்லை. அதனால்தான் அங்கே வந்தார்கள். ஆனால் தீவுக்கும் கடலுக்கும் நடுவில் தடுப்பு என்று எதுவும் இல்லை. எந்த அலையும் நேராக வந்து மணலில் அறையும். வருஷா வருஷம் தீவு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டு வந்தது.

கொண்டையனுக்கும் முருகாயிக்கும் பழக்கம் ஏற்பட்டது ஒரு வெயில் நாளில். கடல் வற்றிப் போயிருந்தது. மணலில் தேங்கிய குட்டை ஒன்றில் புழு தேடப் போனவன், அதற்குள் யாரோ முனகுவதைக் கேட்டான். எட்டிப் பார்த்தால் ஒரு பவளப் பூச்சி. ரோஜா நிறம். தண்ணீர் சூடாகி, கைகளெல்லாம் சுருண்டு கிடந்தாள்.

“வெள்ளம் ஏற இன்னும் எவ்வளவு நேரமாகும்?” என்று கேட்டாள்.

கொண்டையன் சூரியனைப் பார்த்தான். “நேரமாகும்” என்றான். அவளைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா என்று யோசித்தான். அலகால் பிடித்தால் கிழிந்துவிடுகிற உடம்பு. வேறு வழி தெரியாமல் குட்டையின் விளிம்பில் நின்று இரண்டு சிறகையும் விரித்தான். அவன் நிழல் அவள் மேல் விழுந்தது. சூரியன் நகர நகர அவனும் நகர்ந்தான். தாகத்தில் அலகு தானாகத் திறந்துகொண்டது. சிறகு நடுங்கியது. கடல் ஏறிவந்து குட்டையைத் தொடும்வரை அவன் அந்த இடத்தைவிட்டுப் போகவில்லை.

தண்ணீரோடு போகும்போது அவள் திரும்பிச் சொன்னாள். “எம் பேரு முருகாயி. எங்க கூட்டத்துல நான்தான் மூத்தவ. எனக்குத் தங்கச்சிக கணக்கில்லாம இருக்காளுக. அண்ணன்னு சொல்லத்தான் யாருமில்ல. இனிமே நீதான்.”

அதன் பிறகு கடல் வற்றும்போதெல்லாம் முருகாயி கரையோரம் வருவாள். கொண்டையன் ஈர மணலில் நின்றுகொண்டு பேசுவான். அவர்களுக்கு ஒருவரையொருவர் பார்த்து ஆச்சரியம் தீரவே இல்லை.

“உள்ள எலும்பு வச்சுக்கிட்டு எப்படிண்ணே நடமாடுற? குத்தாதா?”

“குத்தாது. அது இல்லாம நீ எப்படி நிமிர்ந்து நிக்கிறங்கிறதுதான் எனக்குப் புரியல.”

“நாங்க எங்க நிக்கிறோம்? நிக்கவே கூடாது எங்களுக்கு. எங்க வேர்வை அப்படி. அசையாம நின்னா உடம்பு மேல சுண்ணாம்பு பூக்கும். அது இறுகிப்போச்சுன்னா அப்புறம் பிரிக்க முடியாது. ஆடிக்கிட்டே இருந்தா கரைஞ்சு போயிரும். அதான் எந்நேரமும் ஆட்டம்.”

திங்கிறதும் வெளிக்குப் போறதும் தனக்கு ஒரே வாய்தான் என்று அவள் சொன்னபோது கொண்டையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். முருகாயி சிரித்த சிரிப்பில் அவளைச் சுற்றித் தண்ணீர் குமிழிட்டது.

பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் அவள் சிரிப்புக் குறைந்துவிடும். பங்குனி நிலவில் அவர்கள் கூட்டத்தார் முட்டையைக் கடலில் விட்டுவிடுவார்கள். அது மிதந்து போகும். எங்கே போயிற்று, எது பிழைத்தது, எது மீன் வாயில் விழுந்தது, ஒன்றும் தெரியாது. தன் பிள்ளை எதிரே வந்தாலும் அவளுக்கு அடையாளம் தெரியாது.

“நீங்க என்னடான்னா முட்டை மேல உக்காந்து சூடு குடுக்கிறீங்களாம். வாயில ஊட்டுறீங்களாம். பறக்கிறவரைக்கும் கூடவே இருக்கீங்களாம். ஒரு தடவை அதைப் பாக்கணும்ணே எனக்கு.”

“நீ கரைக்கு வர முடியாதே.”

“அப்ப நீ சொல்லு. ஒண்ணு விடாமச் சொல்லு.”

அந்த வருஷம் மாசி மாதத்தில் சாம்பி முட்டையிட்டாள். புள்ளி போட்ட முட்டைகள். தினமும் போய்க் கொண்டையன் முருகாயியிடம் சொன்னான், இன்று சாம்பி எத்தனை முறை முட்டையைப் புரட்டிவிட்டாள், வெயிலில் எப்படிச் சிறகைத் தூக்கி நின்றாள் என்று. ஆனால் குஞ்சு பொரிக்கும் முன்பே, ஒரு விடிகாலை கடல் ஏறிக் கூட்டை வாரிக்கொண்டு போய்விட்டது. தண்ணீர் வடிந்த பிறகு சாம்பி அந்தக் குழியிலேயே போய் உட்கார்ந்தாள். ஈர மணல் மேல் அடைகாக்கிற மாதிரியே வயிற்றை அழுத்தி உட்கார்ந்திருந்தாள். கொண்டையன் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. வெயில் ஏறிய பிறகுதான் எழுந்து மேட்டுப் பக்கம் நடந்தாள்.

கொண்டையன் முருகாயியிடம் இதைச் சொன்னான். “மேட்டுல கட்டுங்கண்ணே. இருக்கிறதுலயே உசரமான இடத்துல கட்டுங்க” என்றாள்.

அப்படியே கட்டினார்கள். தீவின் உச்சி என்றால் பெரிய உயரம் ஒன்றும் இல்லை. ராவணன்மீசைப் புல்லின் அடியில் குழி பறித்து, நார் பரப்பி, சாம்பி மறுபடி முட்டையிட்டாள். மூன்று முட்டை. இந்த முறை பொரிந்தது. கண் திறக்காத, தோல் தெரிகிற மூன்று குஞ்சுகள். கடைசியாகப் பொரிந்தது மற்றவற்றில் பாதிதான் இருக்கும்.

கொண்டையன் கரைக்கு ஓடினான். “தங்கச்சி, நீ அத்தையாயிட்ட” என்றான்.

முருகாயி எல்லாவற்றையும் கேட்டாள். வாய் எப்படி இருக்கிறது, என்ன நிறம், சத்தம் போடுகிறதா, கடைசிக் குட்டி தின்கிறதா. பதில் கேட்கக் கேட்க அவள் கைகள் ஒவ்வொன்றாக விரிந்தன. அன்று மாலை கடலுக்குள்ளிருந்து எழுந்த பாட்டு வழக்கத்தைவிட உரக்க இருந்தது என்று சாம்பி சொன்னாள்.

ஆனி பிறந்த பிறகு வரவேண்டிய கச்சான் காற்று அந்த வருஷம் முன்கூட்டியே வந்தது. தென்மேற்கிலிருந்து அது கிளம்பினால் அந்தக் கடல் தாங்காது. முதல் நாளே அடம்பங்கொடியைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. அலை தாழம்புதரைத் தாண்டியது. மேட்டின் பாதிவரை நுரை வந்து மணலை அரித்தது. சாம்பி குஞ்சுகளை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொண்டையனை அவள் பார்த்த பார்வையில் பழைய குழி இருந்தது.

அவன் காற்றில் சாய்ந்து சாய்ந்து கரைக்குப் போய், முருகாயி என்று கத்தினான். அலையின் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

“தெரியும்ணே. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“நாளைக்கு உச்சிக்கு ஏறிரும், தங்கச்சி. புள்ளைகளுக்கு இன்னும் இறகே முளைக்கல. தூக்கிட்டுப் போக எனக்குக் கையும் இல்ல.”

அவள் தன் கூட்டத்தைப் பாடி அழைத்தாள். கடலின் நாலா பக்கத்திலிருந்தும் அவர்கள் வந்தார்கள். மஞ்சள், பச்சை, ஊதா, செம்மண் நிறம். தீவின் தென்புறம் தண்ணீர் பூந்தோட்டம் மாதிரி ஆனது.

“கைகோத்து நிப்போம்” என்றாள் முருகாயி. “ஒருத்தி மேல ஒருத்தி ஏறி நிப்போம். அலை நம்ம மேல முட்டி உடையட்டும். கரைக்குப் போகும்போது வெறும் நுரையாப் போகட்டும்.”

அவளுக்கு அடுத்தவள் செவந்தி. வெடுக்கென்று பேசுகிறவள். “அக்கா, நின்னா என்ன ஆகும்னு தெரிஞ்சுதான் சொல்றியா?” என்றாள். “கரையில இருக்கிற மூணு குஞ்சுக்காக நம்ம சனம் முழுசும் சுண்ணாம்பு பூத்துச் சாகணுமா?”

“சாக வேண்டாம். கொஞ்ச நேரம் நின்னா ஒண்ணும் ஆகாது. உதறிவிட்டாப் போயிரும். காத்து அடங்கினதும் கையை விட்டுட்டு நீந்திருவோம்.”

“காத்து அடங்கினது நமக்கு எப்படித் தெரியும்? தலையைக் குனிஞ்சு, வாயை மூடி, ஒருத்தியை ஒருத்தி இறுக்கிக்கிட்டு நிக்கணும். காத்து நின்னாலும் கடல் ரெண்டு மூணு நாள் குதிக்கும். கீழே கிடக்கிற நமக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

முருகாயி கொண்டையன் பக்கம் திரும்பினாள். “மேல இருக்கிற உனக்குத் தெரியும்ல, அண்ணே?”

“தெரியும்.”

“காத்து விட்டுப்போச்சுன்னு உனக்கு உறுதியானதும் கூப்பிடு. உன் குரல் கேட்டாத்தான் நாங்க கையை விடுவோம். அதுவரைக்கும் விட மாட்டோம்.”

“கூப்பிடுறேன்” என்றான் கொண்டையன். “விட்டதும் அடுத்த மூச்சுல கூப்பிடுறேன்.”

செவந்தி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் அக்காளின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

அவர்கள் நின்றார்கள். கூட்டம் கூட்டமாக, அடுக்கடுக்காக, தீவின் தெற்குப் பக்கம் முழுக்க நின்றார்கள். அலை வந்து அவர்கள் மேல் மோதி உடைந்தது. மலை மாதிரி எழுந்த தண்ணீர், கரைக்கு வரும்போது தொடையளவுகூட இல்லாமல் சரிந்தது. சாம்பி கூட்டிலிருந்தபடி தலையைத் தூக்கிப் பார்த்தாள். “உங்க தங்கச்சியா?” என்றாள். அவன் தலையாட்டினான். குஞ்சுகள் பிறந்ததிலிருந்து அவள் அன்றுதான் கண்ணை மூடி ஓய்ந்திருந்தாள்.

காற்று பகலும் இரவுமாக அடித்தது. பிறகு ஒரு காலையில் நின்றது.

கொண்டையன்தான் முதலில் கண்டான். நாள் கணக்காகத் தரையோடு படுத்துக் கிடந்த ராவணன்மீசைப் புல் மெல்ல நிமிர்ந்தது. மேகம் கலைந்து, மேற்கே வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. மூச்சு வாங்குவதற்காக நிற்கிற காற்று இல்லை இது. விட்டுப்போன காற்று. அவனுக்கு அதில் சந்தேகமே இல்லை.

கூப்பிட வாயைத் திறந்தான். திறந்தவன் கூட்டைப் பார்த்தான். குஞ்சுகளின் முதுகில் இறகு ஊசி ஊசியாகக் குத்திக்கொண்டு நின்றதே தவிர விரியவில்லை. கடைசிக் குட்டி இன்னும் தன் தலையின் பாரம் தாங்காமல் கூட்டின் விளிம்பில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தது. கடலோ இன்னும் குதித்துக்கொண்டிருந்தது. போதாததற்கு அன்று பௌர்ணமி. பௌர்ணமி ஏற்றத்தில் தண்ணீர் எப்போதுமே கூடுதலாக வரும். அந்தத் தடுப்பு இல்லாமல் அது வந்தால் மேடு மிஞ்சாது.

அவன் வாயை மூடிக்கொண்டான். இந்த ஒரு ஏற்றம் போகட்டும் என்று நினைத்தான். இது கழிந்ததும் கூப்பிட்டுவிடலாம். இத்தனை நேரம் நின்றவர்கள், இன்னும் ஒரு ஏற்றம் நின்றால் என்ன ஆகிவிடும்.

“காத்து நின்ன மாதிரி இருக்கே?” என்றாள் சாம்பி.

“இல்ல” என்றான் அவன். “இது சும்மா நிக்கிறது. திரும்ப அடிக்கும்.”

உச்சி வெயிலில் கடலிலிருந்து குரல் வந்தது. அவன் கரைக்குப் போனான். முருகாயியின் குரல் தடித்துப்போயிருந்தது. வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது.

“அண்ணே. காத்து நின்னுருச்சா?”

கொண்டையன் ஈர மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனைச் சுற்றி ஒரு புல்லும் ஆடவில்லை.

“இன்னும் இல்ல, தங்கச்சி.”

“சரிண்ணே.” அவள் கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “அடி உடம்பு பிடிச்சுக்கிட்ட மாதிரி இருக்கு. பரவாயில்ல. புள்ளைக எப்படி இருக்கு?”

“கண்ணு திறந்திருச்சு.”

“மூணும் திறந்திருச்சா?”

“மூணும்.”

“கடைசிக் குட்டி?”

“அதுவும்தான். நேத்து ஒரு முழுப் புழுவைத் தின்னுச்சு.”

அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் உராய்கிற சத்தமாக நின்றது. “சரி, நீ போ. புள்ளைகளைப் பாரு” என்றாள்.

அவன் போனான். வழியில் ஒரு புழுவைக் கண்டான், எடுக்காமல் தாண்டிப் போனான். பிறகு திரும்பி வந்து அதை எடுத்துக்கொண்டான்.

அன்று இரவு பௌர்ணமி ஏற்றம் அவன் பயந்தபடியே வந்தது. தடுப்பில் மோதி உடைந்தும்கூடத் தண்ணீர் மேட்டின் இடுப்புவரை வந்து, கூட்டுக்குச் சாண் தூரத்தில் நின்று, திரும்பிப் போனது. கூப்பிட்டிருந்தால் கூடு போயிருக்கும். அது உண்மைதான். பின்னாளில் கொண்டையன் எத்தனையோ முறை தனக்குத் தானே இதைச் சொல்லிப் பார்த்தான். சொல்லி முடித்த பிறகும் மனசு அங்கேயேதான் நிற்கும்.

மறுநாளும் கடல் குதித்தது. மறுநாளும் அவன் கூப்பிடவில்லை. ஒரு முறை பொய் சொன்ன வாய்க்கு, நேற்றே நின்றுவிட்டது என்று சொல்ல வரவில்லை. முருகாயியின் குரல் மறுபடி கேட்டது, மிகவும் மெல்லியதாக. அவன் தீவின் வடபுறத்துக்குப் போய்ப் புழு தேடினான். அங்கே நின்றால் அது கேட்காது. அதற்கு மறுநாள் குரல் வரவே இல்லை. பேசிப் பேசிக் களைத்துப்போக வேண்டாம் என்று சும்மா இருக்கிறார்கள் என எண்ணிக்கொண்டான்.

பிறகு ஒரு காலை, பெரிய குஞ்சு இரண்டும் கூட்டைவிட்டு இறங்கிப் புல்லுக்குள் ஓடின. சற்றுநேரத்தில் கடைசிக் குட்டி சிறகை அடித்து, எழும்பி, விழுந்து, மறுபடி எழும்பித் தாழை வேரின் மேல் போய் உட்கார்ந்தது. சாம்பி சந்தோஷத்தில் அதன் பின்னாலேயே ஓடினாள். கொண்டையன் அதைப் பார்க்க நிற்கவில்லை. கடலை நோக்கிப் பறந்தான். அவன் வம்சத்தில் யாரும் அவ்வளவு வேகமாகப் பறந்தது கிடையாது.

“முருகாயி, காத்து நின்னுருச்சு. கையை விடுங்க. எல்லாரும் கையை விடுங்க.”

கடல் அன்று கண்ணாடி மாதிரி இருந்தது. அடிவரை தெரிந்தது. அவர்கள் நின்ற இடத்தில் ஒரு சுவர் நின்றது. மான்கொம்பு மாதிரி சில, மூளை மடிப்பு மாதிரி சில, விரித்த விசிறி மாதிரி சில. கைகோத்தபடி, ஒருத்தி மேல் ஒருத்தி ஏறியபடி, தலை குனிந்தபடி அப்படியே இறுகியிருந்தார்கள். அவன் முருகாயியின் ரோஜா நிறத்தைத் தேடினான். நடுவில், எல்லாரையும் தாங்கிக்கொண்டு, அந்த நிறத்தில் ஒரு கல் இருந்தது.

அவன் தண்ணீரை உரசிக்கொண்டு பறந்து திரும்பத் திரும்பப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். ஓரத்தில், மேல்வரிசையில், ஏதோ அசைந்தது. செவந்தி. மார்வரை கல்லாகியிருந்தாள். முகம் மட்டும் மிச்சம்.

“எப்ப நின்னுச்சு காத்து?” என்று கேட்டாள்.

கொண்டையன் அவளிடம் பொய் சொல்லவில்லை. “பௌர்ணமி அன்னைக்குக் காலையில.”



“அக்கா உன்கிட்டக் கேட்டுச்சே, அதுக்கு முன்னாடியா?”

“முன்னாடிதான்.”

“ஏன்ணே?”

அவன் பௌர்ணமி ஏற்றத்தைச் சொன்னான், இறகு முளைக்காததைச் சொன்னான், கூட்டுக்குச் சாண் தூரம்வரை தண்ணீர் வந்ததைச் சொன்னான்.

“இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேண்ணே. காத்து நின்னுருச்சு, ஆனா ராத்திரி ஏத்தத்துக்கும் நீங்க வேணும்னு கேட்டிருந்தா, பகல்ல கொஞ்சம் கலைஞ்சு போயி, உடம்பை உதறிட்டு, சாயங்காலம் வந்து திரும்ப நின்னிருப்போம். அக்கா வராதுன்னா நினைச்ச?”

கொண்டையனின் சிறகு அடிப்பதை மறந்தது. தண்ணீரில் விழப்போனவன் சமாளித்துக்கொண்டான். அத்தனை யோசித்தவனுக்கு அந்த ஒரு யோசனை மட்டும் வரவே இல்லை.

“அக்கா கடைசிவரைக்கும் உன்னைக் குறை சொல்லல” என்றாள் செவந்தி. அவள் குரலில் இப்போது வெடுக்கு இல்லை. “நாங்கதான் சொன்னோம், கையை விட்டுருவோம்னு. அண்ணன் கூப்பிடலைன்னா காத்து நிக்கலைன்னு அர்த்தம், விட்டா புள்ளைக போயிரும்னு சொல்லிச்சு. அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சு, ஒருவேளை கூப்பிட்டு நமக்குத்தான் கேக்கலையோன்னு சொல்லிச்சு. காது மூடிக்கிட்டு வருதுல்ல, அதனால இருக்கும்னு சொல்லிச்சு.”

சுண்ணாம்பு அவள் கழுத்தில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் பேச்சு தேய்ந்தது.

“இன்னும் சத்தமாக் கூப்பிட்டுப் பாருண்ணே. உள்ள உசுரு இருக்கும். காது மட்டும்தான் அடைச்சிருக்கும். சத்தமாக் கூப்பிட்டா அக்காவுக்குக் கேட்டாலும் கேக்கும்.”

அதற்கு மேல் அவள் பேசவில்லை.

கொண்டையன் தீவுக்குத் திரும்பியபோது கடைசிக் குட்டி ஓடிவந்தது. “அப்பா, நான் பறந்துட்டேன். அத்தைகிட்டச் சொன்னீங்களா?” என்றது. அவன் அதைத் தாண்டிச் சாம்பியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான். காற்று நின்றதா என்று அவள் கேட்டதற்குச் சொன்ன பொய்யையும் சொன்னான்.

சாம்பி கடல் பக்கம் திரும்பினாள்.

“என்கிட்ட உண்மையைச் சொல்லியிருந்தா, கூப்பிடுங்கன்னு சொல்லியிருப்பேனா, வேண்டாம்னு சொல்லியிருப்பேனா, எனக்கே தெரியல” என்றாள். “தெரிஞ்சுக்கவும் நீங்க விடல. இப்ப இந்தப் புள்ளைகளைப் பாக்கிறப்ப எல்லாம் அது எனக்குத் தோணும்.”

அவள் கோபப்படவில்லை. குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு புல்லுக்குள் போனாள்.

கொண்டையன் கடலோரம் நின்றான். சத்தமாகக் கூப்பிட்டான். அவனுடைய சின்னக் குரல் அலை விளிம்பைக்கூடத் தாண்டவில்லை. கொஞ்சம் எழும்பிக் கூப்பிட்டான். உயரே போனால் குரல் பரவும் என்று தோன்றியது. இன்னும் எழும்பினான். தரைக்குருவி யாரும் போகாத உயரத்துக்குப் போனான். தீவு காலடியில் ஒரு சிப்பி மாதிரி ஆயிற்று, அதன் தெற்கே அவர்கள் நின்ற இடம் நீலத்துக்குள் வெளிர்ப் பச்சைக் கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டுக்கு நேர் மேலே சிறகடித்துக்கொண்டு, மூச்சு விடாமல் கூப்பிட்டான். காத்து நின்னுருச்சு, கையை விடு, முருகாயி, கையை விடு. சொல்லச் சொல்ல வார்த்தைகள் ஒன்றோடொன்று ஓடிக் கலந்து, வார்த்தையே இல்லாமல் வெறும் குரலாகின. முருகாயி தன் கூட்டத்தைக் கூப்பிடும்போது பாடுகிற பாட்டு அவனுக்குக் காதால் பழக்கம். தன்னை அறியாமல் அவன் அதைப் போலவே இழுத்தான், ஏற்றினான், உருட்டினான். பாட்டாகக் கூப்பிட்டால் அவர்களுக்குப் புரியுமோ என்று ஒரு நப்பாசை.

மூச்சு தீர்ந்தபோது குரல் சட்டென்று நின்றது. சிறகை மடக்கிக்கொண்டு, எறிந்த கல் மாதிரி நேரே தரையில் வந்து விழுந்தான். புல்லுக்குள் கொஞ்ச நேரம் கிடந்தான். பிறகு எழுந்து மறுபடி மேலே போனான்.

மறுநாள் வெளிச்சம் வந்ததும் போனான். அதற்கு மறுநாளும் போனான். சாம்பி அடுத்த கூடு கட்டினாள், அதற்கடுத்த கூடும் கட்டினாள். எந்தக் கூட்டையும் கடல் எடுக்கவில்லை. எந்த அலை வந்தாலும் அந்தச் சுவரில் முட்டி உடைந்தது. தேய்ந்துகொண்டிருந்த தீவு தேய்வதை நிறுத்தியது, மணல் சேர்ந்து கொஞ்சம் வளரக்கூடச் செய்தது. தீவின் மேல் நிம்மதியாகப் பிள்ளைகள் ஓடின. அப்பன் மட்டும் வானத்தில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அவன் மகன்கள் அதைப் பார்த்து வளர்ந்தார்கள். பெரியவர்களானதும் அவர்களும் மேலே போய் அப்படியே கூப்பிட்டார்கள். அவர்கள் மகன்களும் கூப்பிட்டார்கள். யாரைக் கூப்பிடுகிறோம் என்பது நாளாவட்டத்தில் மறந்துபோயிற்று. கூப்பாடு மட்டும் மறக்கவில்லை. கடலோரத்தை விட்டு உள்நாட்டு வயல்களுக்குக் குடிபோன பிறகும் அவர்கள் நிறுத்தவில்லை. கேட்டவர்கள், என்ன இனிமையாகப் பாடுகிறது என்றார்கள். தரைக்குருவி என்ற பெயர் போய், வானம்பாடி என்று பெயர் வந்தது. முருகாயியின் சனத்துக்கு அவள் பெயரே நிலைத்து முருகைக்கல் ஆயிற்று.

செவந்தி சொன்னது சரிதான். கல்லுக்குள்ளே உயிர் இருந்தது. இன்றும் இருக்கிறது. குரல் போய்விட்டது, காது அடைத்துவிட்டது, ஒட்டிய இடத்தை விட்டு அசைய முடியாது. ஆனாலும் இருட்டி, கடல் அடங்கிய பிறகு, கல்லில் உள்ள ஊசித்துளை ஒவ்வொன்றிலிருந்தும் சின்னச் சின்னக் கைகள் மெல்ல வெளியே வரும். பூ விரிந்த மாதிரி விரிந்து தண்ணீரைத் துழாவும். காது கேட்காததால் கையால் துழாவி, குரல் வந்ததா என்று தேடுகிறார்கள். கிழக்கு வெளுக்கத் தொடங்கினால் கைகளைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். தரையில் தூங்குகிற குருவி அப்போதுதான் கண் விழித்துச் சிறகை உதறும்.

அன்று முதல்தான், விடிந்ததும் வானம்பாடி மேலே ஏறி மூச்சு தீரும்வரை கூப்பிட்டுவிட்டுக் கல்லாய் விழுகிறது. இருட்டிய பிறகு பவளம் கையை நீட்டிக் காத்திருக்கிறது.